ஓடும் நாளுக்கும் ஓடாத நாளுக்கும் உரிய சோற்றுக் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பொழுது விடிய ஏழு மணியாகிவிடும். நான் ஐந்தரைக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் செம்பனை மரங்களுக்கு நடுவே செல்லும் செம்மண் சாலையில் ஓடத் தொடங்கிவிடுவேன். பினாங்குப் பாலத்து மாரத்தானில் முழுத் தொலைவான 42.195 கிலோமீட்டரையும் ஓட வேண்டும் என்று முடிவெடுத்தபின், வாரத்துக்கு 48 கிலோமீட்டர் என்று பயிற்சியை அமைத்துக்கொண்டேன். செவ்வாய் 8, வியாழன் 10, சனி 6, ஞாயிறு 24. ஓட்டத்தை இவ்வளவு கவனமாகத் திட்டமிட்ட நான், உணவைக் கைப்பேசிச் செயலி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டேன். உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று அதில் ஒருமுறை பதிந்து வைத்திருந்ததால், நாளொன்றுக்கு 1500 கலோரி போதும் என்று அது சொன்னது. நானும் அதைத் தாண்டாமல் உண்டு வந்தேன். (உணவுப் பொட்டலங்களில் கிலோகலோரி என்று அச்சிடப்படுவதைத்தான் நாம் பேச்சில் கலோரி என்கிறோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.)

முதலில் மூன்று கிலோ குறைந்தது. பிறகு எடை அசையவில்லை. கால்கள் கனத்தன, நள்ளிரவில் பசியால் விழிப்பு வந்தது, மூன்று மாதங்களாக மாதவிலக்கும் வரவில்லை. பயிற்சிதான் மிகுதியாகிவிட்டது என்று எண்ணி மருத்துவரிடம் சென்றேன். அவர் இரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதித் தந்ததோடு, எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்பே, நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் சொல்லி முடித்தபோது அந்தப் பட்டியல் எவ்வளவு சிறியது என்பது எனக்கே கேட்டது. அன்றிரவுதான் முதன்முறையாகத் தாளும் பேனாவும் எடுத்து அமர்ந்து என் தேவையை நானே கணக்கிட்டேன்.

அசையாமல் படுத்திருந்தாலும் இதயமும் மூளையும் கல்லீரலும் செலவிடும் ஆற்றல்தான் கணக்கின் அடித்தளம். அதை மதிப்பிட 1990இல் வெளிவந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. எடையைக் கிலோவில் எடுத்து 10ஆல் பெருக்கி, உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். இறுதியில் பெண்கள் 161ஐக் கழிக்க வேண்டும், ஆண்கள் 5ஐக் கூட்ட வேண்டும். எனக்கு 56 கிலோ, 160 சென்டிமீட்டர், 37 வயது. ஆகவே 560 கூட்டல் 1000, கழித்தல் 185, கழித்தல் 161, விடை 1214. இது மதிப்பீடுதான், ஒருவருக்கு ஒருவர் பத்து விழுக்காடு மேலோ கீழோ போகலாம். ஆனாலும் இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. நான் உண்ட 1500இல் வெறுமனே உயிர் தரித்திருக்கவே 1214 போய்விட்டால், மிச்சம் 286 கலோரிதான். அதை வைத்துக்கொண்டு அலுவலகம், வீட்டு வேலை, 48 கிலோமீட்டர் எல்லாவற்றையும் நடத்தியிருக்கிறேன்.

அடுத்தது அன்றாட அசைவுக்கான பெருக்கெண். தோட்ட அலுவலகத்தில் நான் பார்ப்பது கிராணி வேலை, அதாவது எழுத்தர் வேலை, பெரும்பாலும் நாற்காலியில்தான். உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் வகுத்த அளவுகோலில் இத்தகைய வாழ்க்கைக்கு 1.40 முதல் 1.69 வரை, நான் 1.4 என்று எடுத்து 1214ஐப் பெருக்கினேன், விடை 1700. அதே அளவுகோலில் கடும் உடலுழைப்புக்கு 2.00 முதல் 2.40 வரை கொடுத்திருக்கிறார்கள். என் பாட்டி இருட்டோடு பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், ரப்பர் மரங்களில் பால் வெட்டி, வாளி சுமந்து, வீடு திரும்பி ஒரு தட்டு நிறையச் சோறு உண்பார். அது அளவுக்கு மீறிய உணவு என்று சிறு வயதில் நான் நினைத்ததுண்டு. அந்தத் தட்டில் இருந்தது சரியான அளவுதான் என்று இந்த அட்டவணையைப் பார்த்தபோது புரிந்தது.

ஓட்டத்துக்கான செலவைக் கணக்கிடுவது எளிது. சமதரையில் ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் தொலைவு ஒன்றே என்றால் செலவு பெரிதாக மாறுவதில்லை. எனக்குக் கிலோமீட்டருக்கு 56 என்றால், வாரத்துக்கு 2688. அதை ஏழு நாளுக்கும் பகிர்ந்தால் நாளுக்கு 384. ஆக, சராசரித் தேவை 2084. பலர் வழுக்கி விழும் இடமும் இதுதான். ஓட்டத்தையும் மனத்தில் வைத்து 1.7 என்ற பெருக்கெண்ணை எடுத்துவிட்டு, அதன்மேல் ஓட்டத்தின் கலோரியையும் தனியாகக் கூட்டினால் ஒரே செலவு இருமுறை கணக்கில் ஏறிவிடும். ஓட்டம் பெருக்கெண்ணுக்குள் இருக்க வேண்டும், அல்லது தனியாக இருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் தொலைவு மாறுகிறவர்களுக்குத் தனியாக வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நான் இப்போது நம்புவதில்லை. அது இதயத் துடிப்பை வைத்துக் கணிக்கிறது; நம் ஊர்ப் புழுக்கத்தில் வேகம் மாறாமலிருந்தாலும் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். எட்டு மணி வெயிலில் ஓடும் கடைசிக் கிலோமீட்டர்களுக்கு அது கூடுதலாகக் காட்டுவது வெப்பத்தின் விளைவே தவிர, அந்த அளவுக்கு ஆற்றல் செலவாகிவிடவில்லை. நீண்ட ஓட்டம் முடிந்ததும் எடைப்பொறியில் குறைந்து தெரியும் ஒரு கிலோவும் கொழுப்பு அன்று, ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை.

மாதவிலக்கு ஏன் நின்றது என்பதற்கு வேறொரு கணக்கு விடை தந்தது. உண்ட கலோரியிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, மிச்சத்தை உடலின் கொழுப்பு நீங்கிய எடையால் வகுக்க வேண்டும். அந்த விடை 45க்கு அருகில் இருந்தால் உடல் தன் எல்லா வேலைகளையும் செய்யும். 30க்குக் கீழே போனால் இனப்பெருக்க இயக்குநீர்களையும் எலும்பு வளர்ச்சியையும் சுருக்கி உடல் சிக்கனம் பிடிக்கத் தொடங்கும் அபாயம் கூடுகிறது. அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014இல் இந்நிலைக்கு ஒரு பொதுப்பெயரிட்டு, இது பெண்களை மட்டுமன்றி ஆண்களையும் தாக்கும் என்று எச்சரித்தது. என் கொழுப்பு நீங்கிய எடை தோராயமாக 41 கிலோ. 1500இல் 384 போக 1116. அதை 41ஆல் வகுத்தால் 27. இதைக் கண்டபின் நான் 2084இல் நிற்கவில்லை. 45 என்ற அளவை எட்ட 2229 வேண்டியிருந்ததால், சுற்று எண்ணாக 2200 என்று வைத்துக்கொண்டேன். மாதவிலக்கு நின்றுவிட்ட எந்தப் பெண்ணும் கணக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம்.

2200 கலோரியைத் தட்டில் வைப்பது எனக்குக் கணக்குப் போடுவதைவிடக் கடினமாக இருந்தது. மாவுச்சத்து ஒரு கிலோ எடைக்கு 6 கிராம் வீதம் 336 கிராம், புரதம் 1.4 கிராம் வீதம் 78 கிராம், எஞ்சியது ஏறக்குறைய 60 கிராம் கொழுப்பு. சமைத்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் 120. ரொட்டி சானாய் ஒன்று ஏறக்குறைய 300. சோற்றுக்குப் பயந்து அதைக் குறைத்துக்கொண்டிருந்த நான், தேங்காய்ப்பாலையும் தாளிக்கும் எண்ணெயையும் கெட்டிப்பாலையும் அளக்கவே இல்லை என்பது தராசு வாங்கியபின்தான் தெரிந்தது. இப்போது பசியாறலுக்கு மூன்று தோசையும் சாம்பாரும் இரண்டு முட்டையும் உண்கிறேன். பகலில் சோறு, பருப்பு, மீன். மாலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு.

திங்கட்கிழமை ஓட்டம் இல்லை, ஆகவே குறைத்து உண்ணலாம் என்பது என் பழைய எண்ணம். ஞாயிறு 24 கிலோமீட்டரில் 1344 கலோரி செலவாகிவிடுகிறது. அன்றைய மொத்தத் தேவை 3000ஐத் தாண்டும். அவ்வளவையும் ஒரே நாளில் உண்ண என்னால் முடிவதில்லை. தசைகளில் குறைந்துபோன மாவுச்சத்து இருப்பு நிரம்பவும் நேரம் வேண்டும். திங்கள் உணவு ஞாயிற்றுக்கிழமையின் பாக்கியையும் தீர்க்க வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் எந்த அட்டவணையும் பார்க்காமல் அம்மா முன்பே சொன்னார்: "நேத்து அவ்ளோ தூரம் ஓடிட்டு வந்து இன்னிக்கு இப்படிக் கொறிச்சா உடம்பு எப்படிம்மா தாங்கும்?" அன்று நான் பதில் சொல்லாமல் தட்டை நகர்த்தி வைத்தேன். இப்போது சோறு பரிமாறும் அம்மாவின் அகப்பையைத் தடுப்பதில்லை.

ஓடும்போதும் உண்ண வேண்டும். நன்கு உண்ட உடலிலேயே தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2000 கலோரிதான். முழு மாரத்தானுக்கு எனக்கு 2363 தேவை. கொழுப்பும் எரியும் என்றாலும் அது மெதுவாகத்தான் கைகொடுக்கும். ஆகவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தைப் பழகிக்கொள்கிறேன். அரை லிட்டர் நீரில் 30 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சைச் சாறு; கூடவே ஒரு வாழைப்பழம்.

2200க்கு மாறிய இரண்டாம் மாதத்தில் மாதவிலக்கு வந்தது. எடை முக்கால் கிலோ கூடியது, ஞாயிற்றுக்கிழமை 20ஆம் கிலோமீட்டரில் கால்கள் கனப்பதும் நின்றது. அடுத்த மாதம் வாரத்துக்கு 60 கிலோமீட்டர் ஆகிறது. நாளுக்கு 480 கலோரி ஓட்டத்துக்குப் போகும் என்பதால் தேவை 2325க்கு ஏறும். மதியத் தட்டில் இன்னும் 100 கிராம் சோறு சேர்க்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.