காடு துண்டானால் பறவைகள் என்னவாகும்: பத்து மார்க் கேள்விக்கு

ரிசல்ட் வந்தாச்சு, இப்போதாவது நிம்மதியாகச் சொல்லலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எம்.எஸ்சி. விலங்கியல் எழுதப்போகிறவர்களுக்கு இந்த ஒரு கேள்வி பற்றி மட்டும். வரையறைக்கும் காரணங்களுக்கும் நாலு வரி போதும்.

மார்க் போவது கால அச்சில்தான். தீவு உயிர்ப்புவியியல் கோட்பாட்டை எழுதிய மெக்கார்தர், வில்சன் (1967) பெயரை எழுதி, S = cAᶻ (S இன எண்ணிக்கை, A பரப்பு, c, z மாறிலிகள்) போட்டு, பரப்பு சுருங்கினால் இனம் குறையும் என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். கணக்கையும் போடுங்கள்: z = 0.25 என்றால், காட்டில் 90% போனபின் 100 இனத்தில் சுமார் 56 மிஞ்சும். ஆனால் அந்த 44 இனமும் மறுநாளே மறையாது. மறையவேண்டியது இன்னும் மறையாமல் நிற்பதுதான் 'அழிவுக் கடன்'. இந்தச் சொல் இல்லாத விடை பாதி விடை.

படம் கட்டாயம். கிடை அச்சில் ஆண்டு, கோடு இரண்டு:

- தனிப்பறவை எண்ணிக்கை: முதலில் ஏறும் (வெட்டிய இடத்துப் பறவைகள் ஒதுங்க வருவதால்), பிறகு சரியும்.
- இன எண்ணிக்கை: மெல்ல இறங்கும்.

இரண்டையும் ஒரே கோடாக வரைந்தால் அந்த ஏற்றத்துக்கு விளக்கமே இருக்காது.

சான்றுக்கு பிரேசிலின் மனாஸ் ஆய்வு (1979 முதல், 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகள்). படையெறும்புகளைத் தொடர்ந்து இரைதேடும் பறவைகள் சிறு துண்டுகளில் சீக்கிரமே மறைந்தன. 100 ஹெக்டேரிலும் அடிக்காட்டு (பெருமரங்களுக்குக் கீழே வாழும்) இனங்களில் பாதி 15 ஆண்டுக்குள் போயின. சுற்றிலும் இளங்காடு வளர்ந்தபோது சில இனங்கள் திரும்பின. அதனால் இன எண்ணிக்கைக் கோட்டின் கடைசியில் ஒரு சின்ன மேல்வளைவு போடலாம்.

உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால் நம் பக்கத்து மேலகிரி மலைக்காடு. மனாஸ் எண்களை மட்டும் இங்கே ஒட்டாதீர்கள். அது மழைக்காடு, இது ஏற்கெனவே வெயில் விழும் இலையுதிர் காடு, ஓர விளைவு (காட்டின் விளிம்பில் வெயிலும் காற்றும் புகுந்து உண்டாக்கும் மாற்றம்) அதே அளவில் இருக்காது. துண்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: மாந்தோப்பு, கேழ்வரகுக் கொல்லை, கல்குவாரி, ரோடு. தோப்பில் சின்னானும் மைனாவும் பிழைக்கும். பொந்து தேடும் மரங்கொத்திக்கு இளம் மாமரம் உதவாது. எண்ணிக்கை மாறாமலே இனக்கலவை மாறலாம் என்பதற்கு இதுவே போதும்.

காட்டுத் துண்டுகளுக்கு இடையிலான தொடர்ச்சிக்கு உதாரணம்: காவிரி வடக்கு (2014), காவிரி தெற்கு (2022) சரணாலயங்கள்.

காடு அழிவதும் துண்டாவதும் வேறு வேறு என்ற ஃபாரிக் (2003) வாதத்துக்கு மூன்று வரி ஒதுக்குங்கள். நேரம் போதாவிட்டால் முன்னுரையை வெட்டுங்கள், படத்தை அல்ல.