குதிரை முகம் எங்கே போயிற்று?

பண்டிதர் மாஸ்ரர் காலமான செய்தி சென்ற ஆடி மாதத்தில் வந்தது. மலர்க்குழுத் தம்பிமார், அவரிடம் படித்தவர்களுள் இன்னும் தமிழில் எழுதக்கூடியவன் என்று என்னைத் தேடிப்பிடித்து, "அண்ணை, நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். நல்ல வார்த்தைக்குக் குறைவில்லை. கஞ்சி போட்ட நாஷனலும், ஹம்பர் சைக்கிளும், கரியரில் பூவரசங்கம்போடு சேர்த்துக் கட்டிய கந்தபுராணமுமாக அவர் வாசலால் நுழையும் நேரத்தில் பிந்தி வந்தவர்கள் எந்த வேலியால் பாய்ந்தார்கள் என்பது இம்மலரை வாசிக்கும் எவருக்கும் தெரியும். சூரபன்மன் வதைப் பாட்டுகளுக்கு அவர் பயன் சொல்லி, பொருளை விரிக்கத் தொடங்கினால் இன்ரவல் மணி அடித்தும் எழும்பாத வகுப்பு எங்களுடையது. ஆயினும் அவரைப் பற்றி நான் எழுதுவதானால் 1982ஆம் ஆண்டுக் கட்டுரைக் கொப்பியொன்றைப் பற்றியும், அவர் கேள்விப்பட்டே இராத ஓர் ஆங்கிலப் பெண்மணியைப் பற்றியும் எழுதியே ஆகவேண்டும்.

கட்டுரைத் தலைப்பு, 'நான் கண்டு களித்த திருவிழா'. வகுப்பில் பாதிப்பேர் நல்லூர்த் தேரை இழுத்தார்கள். நான் மாவிட்டபுரத்தை எடுத்துக்கொண்டு, ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சுவாமி கீரிமலைக்கு எழுந்தருளுவதையெல்லாம் முறைப்படி எழுதிவிட்டு, கடைசிப் பந்தியில் நெடுநாளாக மனத்தை அரித்த ஒன்றைச் சேர்த்தேன். குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைக் கேணியில் தீர்த்தமாடி அழகிய முகம் பெற்றாள் என்றால், கழன்ற குதிரை முகம் எங்கே போயிற்று? அது கடலுக்குப் போகவில்லை என்று எழுதினேன். நன்னீருக்குப் பழகிவிட்டபடியால் கேணியின் அடியிலேயே கிடந்து, குளிக்க வருகிற ஒவ்வொருவரையும் அண்ணாந்து பார்த்துத் தனக்குப் பொருத்தமான கழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில், அதே கேணியில் தீர்த்தமாடிய நகுல முனிவர் விட்டுப்போன கீரி முகம் நித்திரை கொள்கிறது.

பண்டிதர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் இரண்டு அடியோடு போயிருக்கும். கொப்பியை முன்வாங்கில் இருந்தவனிடம் கொடுத்துப் புராணம் படிக்கும் இராகத்தில் வாசிக்கச் சொன்னார். அவன் ஒவ்வொரு வசனமாக நீட்டி இழுக்க, இவர் கண்ணை மூடிக்கொண்டு, "அதாகப்பட்டது, முகமானது கழுத்துத் தேடுகிறதாம்" என்று பயன் சொன்னார். வகுப்பு உருண்டு பிரண்டு சிரித்தது. முடிந்ததும், "அது தேடுற கழுத்து இஞ்சதான் இருக்குது. ஏறு தம்பி வாங்கில. ஒருக்காக் கனைச்சுக் காட்டு" என்றார். கனைத்தேன். அன்றிலிருந்து நான் 'குதிரை'. வருடாந்த இராப்போசனத்தில் தலை நரைத்த வைத்தியரும் கணக்காளரும் இன்றைக்கும் என்னை அப்படித்தான் தங்கள் மனைவிமாருக்கு அறிமுகஞ் செய்கிறார்கள்.

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், யாழ்ப்பாணத்தின் பழங்கதைகளைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலையில் அந்த இளவரசியை மணக்கும் உக்கிரசிங்கனுக்குச் சிங்க முகம் என்பதை எங்களுக்குச் சொல்லித் தந்தவரே பண்டிதர்தான். புராணம் புழுகினால் அவருக்கு அது மரபு. பெடியன் புழுகினால் குழப்படி.

பின்னர் நாட்டைவிட்டு வெளிக்கிட்டு, பல இடத்திலும் அலைக்கழிந்து, இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயரில் ஒதுங்கினேன். மழைக்கு நூலகத்துக்குள் நின்ற ஒரு மாலையில் ஓவியரும் எழுத்தாளருமான லியொனோரா கரிங்ரனின் சிறுகதைகள் கைக்கு வந்தன. அவர் பிறந்தது நான் வேலை செய்த இடத்துக்குக் கிட்ட. 1917ஆம் ஆண்டு, துணி ஆலை முதலாளி ஒருவரின் மகளாக. நான் அடைக்கலம் தேடி வந்த மாவட்டத்தை விட்டுத்தான் அவர் தப்பி ஓடியிருந்தார். கன்னியர் மடப் பள்ளிகள் அவரை 'சொல்வழி கேளாதவள்' என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தன என்பதை வாசித்தபோதே எனக்கு அவர் ஒரு வகுப்புத் தோழியாகிவிட்டார்.

அவருடைய கதையொன்றில், விருந்து மண்டபத்தில் உயர்குலத்தாருக்கு முன் நிறுத்தப்படவிருக்கும் பெண்ணொருத்தி, அதை வெறுத்து, மிருகக்காட்சிச் சாலையில் தான் சிநேகம் பிடித்த கழுதைப்புலியைத் தன் உடுப்பில் அனுப்பிவைக்கிறாள். கழுதைப்புலிக்கு முகம் வேண்டும். வேலைக்காரியைத் தின்று அவள் முகத்தை மட்டும் எடுத்து அணிந்துகொண்டு அது விருந்துக்குப் போகிறது. மேசையில் நாற்றம் பற்றிப் பேச்செழுந்ததும் முகத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு யன்னலால் பாய்கிறது. 1939ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த தொகுதியிலுள்ள இக்கதையை மிகைநடப்பியலாரின் (சர்ரியலிஸ்ற்றுகளின்) தலைவரான அந்திரே பிரெத்தோன் தமது கருநகைத் தொகைநூலிலும் சேர்த்துக்கொண்டார். என் கேணி முகத்துக்கு இங்கே ஓர் உறவு இருந்தது. அதே பெண் அக்காலத்தில் வரைந்த தன்னுருவ ஓவியத்திலும் கழுதைப்புலி ஒன்று பக்கத்தில் நிற்க, யன்னலுக்கு வெளியே வெள்ளைக் குதிரை ஓடுகிறது.

பாரிசில் இருந்த ஓவியர்களிடமிருந்தே அவர் இதைக் கற்றார் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவருடைய தாயார் அயர்லாந்துக்காரி. அவரை வளர்த்த செவிலியும் அப்படியே. குன்றுகளுக்குக் கீழே வாழும் தேவகணங்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். நாங்கள் அந்தக் கணத்தின் வழிவந்தவர்கள் என்று பாட்டியார் சொல்லியும் இருக்கிறார். 1937இல் ஓவியர் மக்ஸ் ஏர்ன்ஸ்ற்றோடு புறப்பட்டபோது அவர் தகப்பனுடைய பணத்தை விட்டுப் போனார். செவிலியின் கதைகளை விட்டுப் போகவில்லை. போர் வந்தது. ஏர்ன்ஸ்ற் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட, இவர் ஸ்பெயினுக்குத் தப்பி, அங்கே சந்தாந்தேரில் மனநோய் விடுதியொன்றில் அடைபட்டு, வலிப்பு வரவைக்கும் ஊசி ஏற்றப்பட்டு, லிஸ்பனுக்கும் நியூயோர்க்குக்குமாக அலைந்து, முடிவில் மெக்சிக்கோ போய்ச் சேர்ந்தார். எங்கள் தலைமுறையில் பலருக்கு இந்த வழித்தடம் புதியதன்று, ஊர்ப்பெயர்கள்தாம் வேறு.

மெக்சிக்கோ நகரில் அவரைச் சூழ்ந்தவர்களும் ஓடி வந்தவர்களே: ஸ்பெயினிலிருந்து ஓவியர் ரெமேடியோஸ் வாரோ, ஹங்கேரியிலிருந்து புகைப்படக் கலைஞர் காத்தி ஹோர்னா, பிறகு கணவரான சிக்கி வைஸ். 1963ஆம் ஆண்டில், அந்நாட்டு மானிடவியல் அருங்காட்சியகத்துக்காக மாயர்களின் மாய உலகைப் பெருஞ்சுவரோவியமாக வரையும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்காகச் சியாப்பாசுக்குப் போய் அங்குள்ள வைத்தியர்களோடும் பெரியவர்களோடும் தங்கினார். அயர்லாந்தின் குன்றடித் தேவர்களும் மாயர்களின் தெய்வங்களும் அவருக்குள் சண்டை பிடித்ததாகத் தெரியவில்லை. அவருடைய நாவலொன்றில், காது கேளாத 92 வயது மரியனை மகன் குடும்பத்தார் முதியோர் இல்லத்தில் விட்டுவிடுகிறார்கள். அவளோ நாய்வண்டியில் லாப்லாந்துக்குப் போகும் கனவை விடுவதாயில்லை. எங்கள் சங்கத்து மூத்த உறுப்பினர் சிலரை நான் பார்க்கப் போகும்போதெல்லாம் மரியன் நினைவுக்கு வருகிறாள். அவர்களுடைய லாப்லாந்து பெரும்பாலும் பருத்தித்துறைப் பக்கமாக இருக்கும்.

பண்டிதரை நினைத்தால் இப்போது எனக்கு வருவது வேறொரு வகையான வருத்தம். கரிங்ரனுக்குச் செவிலி கொடுத்ததைத்தான் அவர் எங்களுக்கும் கொடுத்தார், அதுவும் கணக்கில்லாமல். அவர் பயன் சொல்லியிராவிட்டால் கழன்ற முகத்தைப் பற்றி நான் யோசித்தே இருக்கமாட்டேன். கரிங்ரன் பிரெஞ்சு, ஆங்கிலம், ஸ்பானியம் ஆகிய மூன்றிலும் எழுதி, 2011இல் தமது 94ஆவது வயதில் மெக்சிக்கோவிலேயே கண்ணை மூடினார். நானோ வாங்கில் ஏறிய அன்றிலிருந்து கதை எழுதவில்லை. சரக்குப் பட்டியல் எழுதினேன், வீடு வாங்கினேன்.

பண்டிதருடைய மறைவுக்குப் பின் ஒரு தம்பி தொலைபேசியில் சொன்ன செய்திதான் இக்கட்டுரையை இவ்வளவு நீட்டியது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் போனபோது, பண்டிதரும் ஒரு சாக்கில் புராணத்தோடு போய், சாவகச்சேரியில் மாமரத்தின் கீழ் வகுப்பு வைத்திருக்கிறார். மாவிட்டபுரமும் கீரிமலையும் அப்போது ஐந்து வருடமாக இராணுவத்தின் பிடியில் இருந்தன. கேணியில் கால் நனைத்திராத பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். கரும்பலகை இல்லாதபடியால் தலைப்பை வாயால் சொன்னாராம்: "இளவரசியின்ரை குதிரை முகம் எங்கை போனது? ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுங்கோ." அப்படி ஒன்று வைபவமாலையில் இல்லையே என்று ஒருவன் கேட்டதற்கு, "முந்தி ஒரு பெடியன் எழுதினவன். நான் அவனை வாங்கில ஏத்தினனான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எல்லோரையும் எழுதச் சொன்னாராம். இராணுவச் சென்ரியைத் தாண்ட முடியாமல் முகம் கேணிக்குள் முடங்கிக் கிடக்கிறது என்று தான் எழுதியதாகத் தம்பி சொன்னான். மற்றவர்கள் எழுதியது அவனுக்கு ஞாபகமில்லை. நான் அப்போது லங்காஷயரில், சூடாக்கிய அறையில் இருந்துகொண்டு கழுதைப்புலிக் கதையை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாமரத்தடியில் இருந்தவர்கள் சிலரேனும் இம்மலரை வாசிப்பீர்கள். கொப்பி தப்பியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் என்ன எழுதினீர்கள் என்பது நினைவிருந்தால், இரண்டு வரியானாலும், மலர்க்குழுவுக்கு அனுப்பிவையுங்கள். உறையில் 'குதிரை' என்று போட்டாலே போதும். என்னிடம் வந்து சேரும்.