நான் மொழிபெயர்க்காத வசனம்

“எயா மொனவத கியன்னே?” என்று, டெங்குச் சோதனைக்கு என்னோடு வந்த சுகாதாரப் பரிசோதகர் சேர், என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். அவர் என்ன சொல்கிறார் என்று அர்த்தம். “சுத்த கரன்னங் கியனவா” என்றேன். துப்புரவாக்குவதாகச் சொல்கிறார் என்று அர்த்தம். அந்த வீட்டு அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை.

தண்ணீர் பிடித்து வைத்திருந்த நீலப் பரலை, அந்தப் பீப்பாயைக் காட்டி அவர் சொன்னது இது: “மிஸ், பைப்பில தண்ணி விடியச்சாமம் மூணு மணிக்குத்தான் வருது, அதுவும் நூல் மாதிரி. இந்தப் பரலை ஊத்திட்டா நாளைக்கு நான் என்னத்துல சமைக்கிறது? சேர்கிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்.”

2017 ஜூலை, கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு தோட்டம், அதாவது நெருக்கமாக வீடுகள் உள்ள குடியிருப்பு. அந்த வருசம் எப்படி இருந்தது என்று கொழும்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்தது. பிறகு தெருவெல்லாம் குப்பை, அதன் மேல் மே மாத மழை. வருச முடிவில் நாடு முழுக்க டெங்கு என்று பதிவானவர்கள் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேல், இறந்தவர்கள் 400க்கும் மேல். எங்களுக்கு அன்றைக்கு நாற்பது வீடு பார்க்க இருந்தது. நின்று கதைக்க நேரமில்லை என்றுதான் இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் எனக்குப் பயமும் இருந்தது. அந்தக் கேள்வி சேருக்கு எதிர்த்துப் பேசுவதுபோலக் கேட்டுவிடும், எச்சரிக்கை நோட்டீஸோடு நிற்காமல் வழக்கே போட்டுவிடுவார் என்று நினைத்தேன். நுளம்பு பெருக இடம் விட்டால் வழக்குப் போட 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்த அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்றே நம்பினேன். சேர் கெட்டவரில்லை. கேள்வி அவர் காதில் விழுந்திருந்தால், வலைத்துணியால் பரலின் வாயை இறுக்கிக் கட்டு, கிழமைக்கு ஒருக்கா உட்புறத்தைத் தேய்த்துக் கழுவு என்று சொல்லியிருக்கக்கூடும். அதைத்தான் அவர் பள்ளிக்கூடங்களில் சொல்வார். எனக்கே அது தெரியும். நானாவது சொல்லியிருக்கலாம்.

நாங்கள் பரலைக் கவிழ்த்தோம். நுளம்புக் குடம்பிகள் கானில் துடித்தபடி போயின. தேய்க்கவில்லை. நுளம்பு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பரலின் சுவரில். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும், எட்டுப் பத்து நாளில் நுளம்பு. அப்படியென்றால் நாங்கள் அன்றைக்குச் செய்தது என்ன?

மூன்று கிழமைக்குப் பிறகு போனபோது முற்றம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. பரலைக் காணவில்லை. சேர் பாராட்டினார். அந்த அம்மா வாசலை அடைத்தாற்போல நின்றார். அவர் தோளுக்குப் பின்னால், கட்டில் கால்மாட்டில், நீல விளிம்பு ஒன்றைக் கண்டேன். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புக்கு இருட்டு மூலையும் தொங்கும் உடுப்பும்தான் பிடித்த இடம். பரலைப் பிள்ளை படுக்கிற இடத்துக்கே போக வைத்துவிட்டோம். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

ஓகஸ்டில் அந்த அம்மாவின் பேத்திக்கு டெங்குக் காய்ச்சல். ஆறு நாள் வாட்டில் இருந்து சுகமாகி வந்தாள். அந்தப் பரலால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன், யாராலும் சொல்ல முடியாது. இந்த நுளம்பு பகலில் கடிப்பது, பள்ளிக்கூடத்திலும் கடித்திருக்கலாம். தோட்டத்து மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, லிப்டுக்கு வெட்டிய குழியில் மழைத்தண்ணீர் நிற்பதாகத் தோட்டத்துப் பையன்கள் சொன்னார்கள். அங்கே போனோம். “இஞ்சினியர் இல்லை, நாளைக்கு வாங்க” என்றார் காவலாளி. மறுநாளும் அதே பதில். மூன்றாம் தடவை போகவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்குள் நுழைய எங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. இதை நினைக்கும்போது கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

செப்டெம்பரில் பொதுப் பைப்படியில் அவரைக் கண்டேன். வாளி நிறையும்வரை பேத்தியைப் பற்றிக் கதைத்தார். பிறகு கேட்டார்:

“மிஸ், அன்னிக்கு நான் தண்ணியைப் பத்திக் கேட்டேனே, சேர் என்ன சொன்னார்?”

“வலைத்துணியால வாயைக் கட்டச் சொன்னார், அம்மா. உள்ளுக்குத் தேய்க்கவும் சொன்னார்.”

“அப்பவே சொல்லியிருந்தா கட்டியிருப்பேனே” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.