டாக்சிக் கட்டணமும் இரு நாட்டுப் பாடநூலும்: அல்சாஸ் பயணம்

கிழக்குப் பிரான்சின் அல்சாஸ் பகுதியில், செர்னே ரயில் நிலையத்திலிருந்து முதல் உலகப் போர்க்களமான ஹார்ட்மான்ஸ்வில்லர்கோப் மலைக்கு 45 யூரோ என்று தொலைபேசியில் ஒப்புக்கொண்ட டாக்சி ஓட்டுநர், மேலே இறக்கிவிட்ட பிறகு மலைப்பாதைக்குத் தனிக் கட்டணம் உண்டு என்று சொல்லி 65 யூரோ வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டால் இயந்திரம் வேலை செய்யவில்லை என்றார். எரிச்சல் இன்னும் ஆறாததால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஓடும் பேருந்தை நான் சென்ற அக்டோபரில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே சொந்த வாகனம் இல்லாதவர்கள் கட்டணத்தைக் குறுஞ்செய்தியாக வாங்கி வைத்துக்கொண்டு ஏறுவது நல்லது.

இவ்வளவு செலவு செய்து அந்த மலைக்குப் போனதற்குக் காரணம், அங்கே மோதிய இரு நாடுகளும் பிற்காலத்தில் சேர்ந்து எழுதிய ஒரு பள்ளிப் பாடநூல். 2003 ஜனவரியில், பிரான்சும் ஜெர்மனியும் எலிசே நட்புறவு ஒப்பந்தத்தின் 40ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது, இரு நாடுகளையும் சேர்ந்த 500க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் பெர்லினில் இளைஞர் நாடாளுமன்றமாகக் கூடினார்கள். இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே வரலாற்றுப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று அவர்கள் கோரினார்கள். இப்படிப்பட்ட தீர்மானங்கள் வழக்கமாகக் கோப்பிலேயே உறங்கிவிடும். இது உறங்கவில்லை. 1945க்குப் பிந்தைய காலத்தைச் சொல்லும் முதல் தொகுதி 2006இலும், அடுத்த இரண்டும் 2008, 2011 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தன. பிரான்சில் நாத்தான் பதிப்பகமும் ஜெர்மனியில் கிளெட் பதிப்பகமும் அச்சிட்டன. மொழி மட்டுமே வேறு, உள்ளடக்கம் ஒன்றுதான்.

ஸ்ட்ராஸ்பர்க்கின் பழைய புத்தகக் கடை ஒன்றில் அதன் முதல் தொகுதி 4 யூரோவுக்குக் கிடைத்தது. இந்தப் பயணத்தில் மனம் நோகாமல் கொடுத்த பணம் அது ஒன்றுதான். பாண்டிச்சேரியில் கற்ற அரைகுறை பிரெஞ்சை வைத்துக்கொண்டு இரவெல்லாம் புரட்டினேன். ஜெர்மன் பாடநூல்களில் ஆசிரியரின் விளக்கவுரை நீளமாக ஓடும், பிரெஞ்சு நூல்களில் படங்களும் ஆவணங்களும் பக்கத்தை நிறைக்கும் என்பார்கள்; இந்த நூலில் இரண்டு பழக்கங்களும் ஒரே பக்கத்தில் இடம் கேட்டு நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஹிட்லரைப் பற்றி எழுதுவதில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை வரவில்லையாம். போருக்குப் பிந்தைய அமெரிக்காவையும் கம்யூனிசத்தையும் எப்படி மதிப்பிடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு முற்றியது. அதை மழுப்பாமல், இரு நாட்டுப் பார்வைகளையும் எதிரெதிரே வைத்துக் காட்டும் பகுதிகளைச் சேர்த்திருக்கிறார்கள். நூலில் எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

தங்குமிடம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடும் வாரத்தில் ஸ்ட்ராஸ்பர்க்கில் அறை தேடாதீர்கள். வாடகை அநியாயத்துக்கு ஏறிவிடுகிறது. நான் ரைன் நதிக்கு அக்கரையில், ஜெர்மனியின் கேல் நகரில் தங்கினேன். 2017 முதல் ஸ்ட்ராஸ்பர்க்கின் டிராம் பாலத்தைக் கடந்து கேல் வரை வருகிறது. மக்கள் காய்கறிப் பையோடு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய் வருகிறார்கள்.

இதே நதிக்காகத் தலைமுறை தலைமுறையாகச் செத்தார்கள் என்பதை ஸ்ட்ராஸ்பர்க்கின் குடியரசுச் சதுக்கத்தில் உள்ள நினைவுச் சின்னம் சொல்கிறது. 1936இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையில் ஒரு தாய், சாகும் நிலையில் உள்ள இரு மகன்களைத் தாங்கியிருக்கிறாள். இருவர் உடலிலும் சீருடை இல்லை. கல்வெட்டில் ‘எங்கள் இறந்தோருக்கு’ என்று மட்டுமே இருக்கிறது. தாய்நாட்டுக்காக என்ற வழக்கமான சொல் கிடையாது. 1871இல் ஜெர்மனியின் கைக்குப் போன அல்சாஸ் மக்கள் முதல் உலகப் போரில் பெரும்பாலும் ஜெர்மன் படையில் போரிட்டார்கள். 1918இல் மண் பிரான்சுக்குத் திரும்பிவிட்டது. அப்படியிருக்க, எந்த நாட்டின் பெயரைச் செதுக்குவது?

இனி மலை. கடல் மட்டத்திலிருந்து 956 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் ஜெர்மானியர் கல்லாலும் கான்கிரீட்டாலும் கட்டிய பதுங்குகுழிகள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. சில இடங்களில் எதிரிக் குழிகள் கூப்பிடு தூரத்தில் அல்ல, பேசும் தூரத்திலேயே இருக்கின்றன. கீழே நிலவறையில் அடையாளம் தெரியாத வீரர்களின் எலும்புகள் இருக்கின்றன. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட், யூத மரபுகளுக்கென மூன்று பலிபீடங்கள் வைத்திருக்கிறார்கள். அருகில் இரு நாடுகளும் சேர்ந்து அமைத்த அருங்காட்சியகத்தை 2017 நவம்பரில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் ஜெர்மன் அதிபர் ஸ்டைன்மயரும் திறந்துவைத்தார்கள். குளிர்காலத்தில் அது மூடியிருக்கும்; தேதி பார்த்துச் செல்லுங்கள்.

அன்று இரு நாட்டு மாணவர்களும் ஒரே குழுவாக அங்கே வந்திருந்தார்கள். பதினாறு வயது இருக்கும். ஒரு பிரெஞ்சு மாணவருக்கு ஒரு ஜெர்மன் மாணவர் என்று இணைத்து, இரு தரப்புப் போர்க் குறிப்புகளின் நகல்களைக் கொடுத்து, 1915 டிசம்பரில் இந்தச் சிகரத்தில் நடந்ததை ஐந்தே வரியில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று அவர்களுடைய ஆசிரியைகள் சொல்லியிருந்தார்கள். டிசம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சுப் படை சிகரத்தைப் பிடித்தது. மறுநாளே ஜெர்மானியர் திருப்பித் தாக்கி, முன்னேறிய பிரெஞ்சுப் படைப்பிரிவை ஏறத்தாழ அழித்துவிட்டார்கள். என் அருகே உட்கார்ந்திருந்த இரு மாணவர்களும் முதல் வரியைத் தாண்டவே இல்லை. 21இல் தொடங்கி அங்கேயே நிறுத்தினால் பிரெஞ்சு வெற்றி. 22இல் தொடங்கினால் ஜெர்மன் வெற்றி. காகிதத்தில் தேதியை அடிப்பதும் எழுதுவதுமாக இருந்தவர்கள், கடைசியில் இரண்டு தேதிகளையும் விட்டுவிட்டு, செத்தவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். 65 யூரோ போனது போகட்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

இரு நாட்டாரும் சேர்ந்து வரலாற்றை எழுதும் இந்த வேலை நேற்றுத் தொடங்கியதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறே ஆண்டுகளில், 1951இலேயே, ஜெர்மன் வரலாற்றறிஞர் கேயோர்க் எக்கெர்ட் முதலானோரும் பிரெஞ்சு வரலாற்று ஆசிரியர் சங்கத்தாரும் வரலாற்றறிஞர்களும் கூடி, சர்ச்சைக்குரிய செய்திகளைப் பாடநூலில் எப்படி எழுதுவது என்று 40 கருத்துரைகளை வகுத்தார்கள். எக்கெர்ட் பிரவுன்ஷ்வைக் நகரில் தொடங்கிய நிறுவனம் அவர் பெயரிலேயே இன்றும் இயங்குகிறது. 1972இல் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் இதே போன்ற ஆணையத்தை அமைத்தன. பிரான்சோடு நடந்ததைவிடக் கடினமான பஞ்சாயத்து அது.

இறங்கும்போது அந்த ஆசிரியைகள் தங்கள் பேருந்தில் இடம் கொடுத்தார்கள். கூட்டுப் பாடநூலைப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டேன். இருவரும் சிரித்தார்கள். ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் பாடத்திட்டம் வேறு. பிரான்சில் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம், அதுவும் மாறிவிட்டது. இருமொழி வகுப்புகளுக்கு வெளியே அந்த நூலைக் காண்பது அரிது என்றார்கள். இவ்வளவு உழைத்து எழுதிய நூலுக்கு இந்த நிலை என்பது வெட்கக்கேடு என்பது என் கருத்து; தேர்வுக்கு உதவாத புத்தகத்தை எந்த நாட்டிலும் யாரும் வாங்குவதில்லை.

மாணவர்களின் பயணச் செலவில் ஒரு பங்கை 1963இல் உருவான பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் ஏற்றிருந்தது. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை எல்லை தாண்டிச் சந்திக்க வைத்திருக்கும் அமைப்பு அது. அரசுகள் புத்தகத்தைவிடப் பேருந்துக்குப் பணம் கொடுப்பதே பயன் தருகிறது என்று எனக்குப் படுகிறது.

இரவு ஸ்ட்ராஸ்பர்க்கில் விறகடுப்பில் சுட்ட தார்த் ஃப்ளாம்பே சாப்பிட்டேன். அப்பளம் போல மெல்லிய மாவில் வெண்ணெய்ப் பாலேடும் வெங்காயமும். பன்றி இறைச்சி வேண்டாம் என்றதும் காளான் போட்டுத் தந்தார்கள். மரப்பலகையோடு வந்ததைக் கையால் பிய்த்துத் தின்று, இலையுதிர் காலத்தில் மட்டும் கிடைக்கும் புதுத் திராட்சை மதுவையும் ஒரு கோப்பை குடித்து, 15 யூரோவோடு முடித்துக்கொண்டேன்.

இதே ஆர்வம் உள்ளவர்கள் நீடர்ப்ரான் ஊருக்கும் போகலாம். ஜெர்மன் போர்வீரர் கல்லறை அருகே இளைஞர் சந்திப்பு இல்லம் ஒன்று அங்கு இருக்கிறது. புதைந்தவர்களின் வாழ்க்கைக் கதைகளை மாணவர்கள் அங்கே ஆராய்கிறார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து அகனோ வழியாக ரயிலிலேயே போய் வரலாம்.