பெட்டியில் 24, திரையில் 23

ஏறாவூருக்குக் கிட்ட, வெளிநாட்டுப் பெரிய கடைகளுக்கு உடுப்புத் தைத்து அனுப்பும் ஒரு கார்மென்ட்டில் பினிஷிங், பெக்கிங் பகுதிகளில் பல வருடமாக வேலை செய்கிறேன். இனிமேல் ஒவ்வொரு உடுப்பிலும் ஆர்.எஃப்.ஐ.டி டேக் (ரேடியோ அலையால் வாசிக்கும், சின்னச் சிப் உள்ள டேக்) இருக்க வேண்டும் என்று பையரிடமிருந்து, அதாவது உடுப்பை வாங்கும் கடைக்காரரிடமிருந்து, கடிதம் வந்தால், இன்னொரு ஸ்டிக்கர் வேலை வந்துவிட்டது என்றுதான் பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒட்டுவது சின்ன வேலை. டேக்குக்குள் எழுதியிருக்கும் எண் அது தொங்கும் உடுப்புக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும், பாடெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இதைப் பற்றி எங்கள் பக்கத்து அனுபவமாகத் தமிழில் எதுவும் என் கண்ணில் படவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பார்கோட்டில் ஒரே நிறம், ஒரே சைஸ் உள்ள ஆயிரம் சட்டைக்கும் ஒரே எண்தான். ஆர்.எஃப்.ஐ.டியில் சட்டைக்குச் சட்டை எண் வேறு. பொருளின் ஜிடின் எண்ணோடு (பார்கோட்டில் வரும் அந்தப் பொது எண்) ஒரு தொடர் எண்ணையும் சேர்த்து 96 பிட்டில் சிப்புக்குள் எழுதுவார்கள். அதில் 38 பிட் தொடர் எண்ணுக்கு மட்டும், அதாவது ஒரே பொருளுக்கு 27 ஆயிரம் கோடிக்கும் மேலான எண்கள் கிடைக்கும். டேக்கில் பற்றரி கிடையாது, ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துப் பதில் சொல்லும். நாங்கள் டனல் என்று சொல்லும் கூண்டுக்குள் மூடிய பெட்டியை விட்டால் உள்ளே இருக்கும் உடுப்பையெல்லாம் சில விநாடியில் எண்ணிவிடும். இதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் மனதில் உறுத்தும். உலகமெங்கும் பார்கோட் எண்களை ஒதுக்கும் ஜிஎஸ்1 அமைப்பு இலங்கைக்கு ஒதுக்கிய முன் எண் 479, ஆனால் மட்டக்களப்பில் எங்கள் பிள்ளைகள் தைத்து, அயர்ன் பிடித்து, மடித்து அனுப்பும் உடுப்பின் டேக்கில் அது வராது. எண் பிராண்டுக்காரருடையது, தைத்த ஊருடையது அல்ல.

இந்தக் கட்டாயம் புதிதல்ல. 2003ல் வால்மார்ட் தன் பெரிய சப்ளையர்கள் 100 பேரிடம், 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் அவற்றை அடுக்கும் பலட்களிலும் டேக் வேண்டும் என்று சொன்னது. அப்போது டேக்கின் விலை கூட, வாசிப்பும் நம்பிக்கையாக இல்லை, அதனால் பலர் லொறி புறப்படும் நேரத்தில் டேக்கை ஒட்டி அனுப்பிவிட்டுச் கட்டளையை நிறைவேற்றினோம் என்று இருந்துவிட்டார்கள். பிறகு 2010ல் ஜீன்ஸ், ஆண்களின் உள்ளாடை மாதிரியான உடுப்புகளில் ஒவ்வொன்றுக்கும் டேக் என்று தொடங்கி, 2022ல் வீட்டுப் பொருள், விளையாட்டுச் சாமான், பொம்மை வரைக்கும் போனது. எந்த டேக் எந்தப் பொருளில் சரியாக வாசிக்கும் என்று சோதித்துச் சொல்வது அலபாமாவில் உள்ள ஓபர்ன் பல்கலைக்கழகத்தின் ஆர்.எஃப்.ஐ.டி ஆய்வுகூடம். சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஏதோ ஒரு டேக்கை வாங்கிப் போட முடியாது, பையர் ஏற்றுக்கொண்ட பட்டியலில் அது இருக்க வேண்டும்.

அலையைப் பற்றிப் பெக்கிங்கில் நிற்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க வேண்டும். உலோகம் இந்த அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சிவிடும். ஜீன்ஸின் உலோகப் பட்டனுக்கு மேலே டேக் கிடந்தால் வாசிக்காமல் போகலாம். மாரி தொடங்கிக் கார்த்திகை, மார்கழியில் கழுவிய துணி உள்ளே ஈரத்தோடு மடிபட்டால் பூஞ்சணம் ஒரு பக்கம், டேக் பதில் சொல்லாதது இன்னொரு பக்கம். எல்லா உடுப்பையும் ஒரே திசையில் அடுக்கி டேக்குகள் ஒன்றுக்கு மேல் ஒன்று சரியாகப் படிந்தாலும் ஒன்றையொன்று கெடுக்கும், மாறி மாறித் திருப்பி வைத்தால் அந்தத் தொல்லை குறையும். கழித்துப்போட்ட டேக் ஒன்று பெட்டியின் அடியில் விழுந்து கிடந்தால் கணக்கு ஒன்று கூடிவிடும். சில எட்டுத் தள்ளி அடுக்கி வைத்த பெட்டிகளும் டனலுக்குக் கேட்கும், அதனால் ரீடரின் சக்தியை அளவாக வைக்க வேண்டும்.

சரி, எண் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஓடரில் சில பெட்டிகள் மட்டும் விடாமல் ஒன்று குறைவாகக் காட்டின. போட்டது 24, திரையில் 23. சுப்பர்வைசர் பெக்கிங் அக்காவைக் கூப்பிட்டுத் திரும்ப எண்ணச் சொன்னார், 24 இருந்தது, திரும்ப டனலுக்குள் விட்டார்கள், 23. சக்தியைக் கூட்டியும் பெட்டியைத் திருப்பி வைத்தும் பார்த்தார்கள், மாற்றமில்லை. மெஷின் பிழை விடாது என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்ததால் பழி அக்காவின் தலையில்தான் வந்து விழுந்தது. "தம்பி, நான் எண்ணித்தான் வெச்ச நான், 24தான், ஒண்டொண்டா எடுத்துப் பாருங்க" என்றார். அவர் சொன்னபடியே ஒவ்வொன்றாகக் கைரீடரில் வாசித்து எண்களை எக்செல்லில் இறக்கியபோது விஷயம் வெளியே வந்தது: இரண்டு உடுப்பில் ஒரே எண். ரீடர் உடுப்பை எண்ணுவதில்லை, எண்ணைத்தான் எண்ணுகிறது, ஒரே எண் இரண்டு இடத்திலிருந்து வந்தாலும் அதற்கு அது ஒன்றுதான்.

காரணம் டேக் அச்சடித்த இடத்தில். பழுதான டேக்குகளுக்குப் பதிலாக மேலதிகமாகக் கேட்டபோது, அவர்கள் புதுத் தொடர் எண் எடுக்காமல் பழைய ஃபைலையே முதலிலிருந்து திரும்ப ஓட்டியிருக்கிறார்கள். 27 ஆயிரம் கோடி எண் இருந்தும் ஒரே எண் இரண்டு தரம்! அப்படியே போயிருந்தால் கடையில் ஒரு சட்டை விற்றவுடன் மற்றதும் கணக்கில் விற்றுப்போயிருக்கும், அது ராக்கையில் தொங்கிக்கொண்டே இருக்கும். வாசிக்காத டேக்கை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம். பிழையான எண்ணை ஒழுங்காக வாசிக்கும் டேக்தான் மோசமானது, அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், எண்ணியவரைத்தான் சந்தேகப்படுவார்கள். எனக்கு அதுதான் இன்றைக்கும் கவலை. அக்கா கையால் எண்ணியதில் பிழையே இல்லை, ஆனாலும் எல்லோர் முன்னாலும் அவர் பதில் சொல்ல நிற்க வேண்டி வந்தது.

அதற்குப் பிறகு, கையால் எண்ணியதும் திரையும் ஒத்துவராவிட்டால் ஆளைக் கேட்க முன் டேக்கைப் பார்ப்பது என்று ஆக்கிக்கொண்டோம். ஒவ்வொரு சிப்பிலும் செய்யும்போதே பதிந்த, மாற்ற முடியாத சொந்த எண் ஒன்று உண்டு, அதையும் சேர்த்து வாசித்தால் இரட்டை எண் உடனே பிடிபடும். அந்தச் சொந்த எண்ணிலிருந்தே தொடர் எண்ணை உருவாக்கும் முறையும் இருக்கிறது, ஒரே மாதிரி உடுப்பு இரண்டு மூன்று தொழிற்சாலைகளில் தைக்கப்படும்போது எனக்கு அதுதான் பாதுகாப்பாகப் படுகிறது. பழுதான டேக்கைக் குப்பையில் போடாமல், எண்ணைப் பதிந்துவிட்டு வெட்டி அழிக்கிறோம்.

பையர்மார்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. டேக் எங்கே தொங்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் படத்தோடு அனுப்புகிறார்கள், தொடர் எண்ணுக்கு யார் பொறுப்பு என்பது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. டேக், அச்சு, ரீடர் எல்லாம் எங்கள் செலவு. கணக்குப் பிழைத்தால் பில்லில் கழிப்பதும் எங்களிடம்தான். இங்கே டேக் கொழும்புப் பக்கமிருந்து வர வேண்டும், மழைக்காலத்தில் மன்னம்பிட்டிப் பக்கம் றோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறினால் லொறி நின்றுவிடும், 2022ல் டீசலுக்கு நின்ற வரிசைகளைச் சொல்லவே வேண்டாம். பிந்தி வரும் டேக்கை அவசரத்தில் ஒட்டும்போதுதான் சைஸ் மாறும், எண் மாறும்.

கிட்டடியில் மருதமுனையில் கைத்தறிச் சாரம், சாரி செய்யும் ஒரு தம்பி, வெளிநாட்டுக் கடையொன்று டேக் கேட்கிறது, என்ன செய்யலாம் அண்ணன் என்று கேட்டார். முதலில் மெஷின் வாங்காதீர்கள் என்றேன். நிறத்துக்கும் அளவுக்கும் தனித்தனி ஜிடின் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தப் பிராண்டென்றால் ஜிஎஸ்1 லங்காவில் பதிந்து எண் எடுக்கலாம், அப்போது அந்த 479 உங்கள் துணியில் வரும். தொடர் எண்ணை யார் கொடுப்பது, திரும்ப அச்சடித்தால் எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்பதை அச்சடிப்பவரிடமும் கடைக்காரரிடமும் எழுத்தில் வாங்குங்கள். சரிகைக் கரை உள்ள சாரியென்றால், சரிகையில் உலோகம் இருக்கும், டேக்கை அதற்கு விலத்தி வைத்து மடித்து ஒரு மாதிரியை வாசித்துப் பாருங்கள். டேக் செலவையும் விலை பேசும்போதே சேர்த்துவிடுங்கள் தம்பி, ஓடர் கையெழுத்தான பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.