நெல்லைச் சபைக்கும் பிள்ளைகள் இல்லத்துக்கும் ஊழியப் பயணம்

சிங்கப்பூரிலிருந்து நெல்லைச் சீமைக்குக் கிளம்பும் குழு, ஜெபத்தோடு ஜெபமாக விசாவையும் கவனிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் ஆலயத்துக்குப் போகலாம், ஆராதனையில் கலந்துகொள்ளலாம். பிரசங்கம் பண்ணவும் கைப்பிரதி கொடுக்கவும் அனுமதி இல்லை. ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டைக்காரர்களுக்கும் மிஷனரி ஊழியத்துக்குத் தனி அனுமதி தேவை. "இரண்டு வார்த்தை பேசுங்க" என்று சபை ஐயர் (போதகர்) அன்போடு மைக்கை நீட்டுவார். சிக்கல் அங்கேதான் வரும். முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிட்டால் அவருக்கும் சங்கடமில்லை.

திருச்சிக்கு நேரடி விமானம், நான்கு மணி நேரம். அங்கிருந்து பாளையங்கோட்டை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். மதுரையில் இறங்கினால் அதில் பாதி. நம் டிசம்பர் விடுமுறையில் அங்கே வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் அந்த வட்டாரமே வெள்ளத்தில் மூழ்கியது. ஜூன் நல்லது, ஆனால் அப்போது அங்கே பள்ளி நடக்கும். நிகழ்ச்சிகளை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் பாளையங்கோட்டை. தஞ்சையிலிருந்து வந்த விதவை குளோரிந்தா எழுப்பிய சிற்றாலயத்தை 1785-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்து ஊசிக்கோபுர ஆலயம் 1826-ஐச் சேர்ந்தது. இந்த மண்ணிலிருந்துதான் நம்மில் பலருடைய தாத்தா பாட்டி கப்பலேறினார்கள். அங்கே முழங்கால் படியிட அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கிராமத்து ஆலயத்தில் செருப்பை வெளியே விட வேண்டும். பெண்கள் முக்காடிடுவார்கள்; பல ஊர்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் உட்காருவார்கள். காணிக்கையாக வந்த சேவலும் பூசணிக்காயும் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். சிங்கப்பூர் வெள்ளியை மனதில் வைத்து ஏலத்தை ஏற்றாதீர்கள். ஊர்க்காரர் ஒருவர் ஆசையோடு கேட்கும் பொருளை அவருக்கே விட்டுவிடுவதும் காணிக்கைதான்.

பிள்ளைகள் இல்லத்தில்தான் அதிக கவனம் தேவை. எண்ணிக்கையை வயதுவாரியாக முதலே வாங்குங்கள். பரிசு எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஐந்து கூடுதலாக. இரண்டு பை குறைந்தால் அந்த மாலையே அழுகையில் முடியும். நோட்டு, பேனா, துணியைத் திருநெல்வேலி டவுனிலேயே வாங்கலாம். விமானத்தில் எடையும் மிச்சம், அளவு பொருந்தாவிட்டால் மாற்றவும் முடியும். பிள்ளைகள் கையில் நேரடியாகக் கொடுக்காமல் வார்டன் அக்கா கையில் கொடுங்கள். நாம் போன பிறகும் அவர்களுக்கு அவர்தான் எல்லாம். பிரியாணி விருந்து ஏற்பாடு செய்து, அதற்கு முன் சாக்லேட்டும் கொடுத்தால் இரவில் வயிற்றுவலி வரும். வழக்கமான சாப்பாட்டோடு முட்டையும் வாழைப்பழமும் போதும்.

"அப்பா அம்மா எங்கே?" என்று கேட்கக் கூடாது. "அடுத்த வருஷம் வருவேன்" என்று சொல்லவும் கூடாது, பிள்ளைகள் நாள் எண்ணிக் காத்திருப்பார்கள். எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74, பராமரிப்பில் உள்ள பிள்ளையின் பெயரையும் படத்தையும் வெளியிடத் தடை செய்கிறது; ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஃபேஸ்புக்குக்கு மட்டுமல்ல, நம் சபைச் செய்தி மடலுக்கும் இது பொருந்தும்.

மாலை ஜெபத்தை அவர்களே நடத்தட்டும். 121-ஆம் சங்கீதத்தைப் புத்தகம் பாராமல் ஒரே மூச்சில் சொல்லும் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து ஆமென் சொல்வதற்காகவே இந்தப் பயணம் போகலாம். நிகழ்ச்சி நிரலில் இதற்குத்தான் முதல் இடம் கொடுக்க வேண்டும். நம் பொம்மலாட்டமும் ஆக்ஷன் பாட்டும் பிறகு.

பணத்தை உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுக் குடிமக்கள் ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள இல்லம் அதை ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும். மீறினால் இல்லத்தின் பதிவுக்கே ஆபத்து. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இதில் சேராது. அப்போதும் ரசீது வாங்கிவிடுங்கள். சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதானால் அறநிறுவன ஆணையரின் அனுமதியைக் கிளம்புவதற்கு வெகு முன்பே கேட்க வேண்டும்.