புகார் கொடுத்தவரிடம் நான் கேட்ட கேள்விகள்

மெமோவில் இருந்தது ஒரே வரிதான்: "நிறுவனத்தின் நலனுக்கு விரோதமாகக் கணக்குக் கோப்புகளைத் திருத்தியுள்ளீர்கள், மூன்று நாளில் விளக்கம் தரவும்." எந்தக் கோப்பு, எந்தத் தேதி, யார் சொன்னது, ஒன்றும் இல்லை. அன்றே சஸ்பெண்ட்.

ராத்திரி உட்கார்ந்து நான்கு பக்கம் விளக்கம் எழுதினேன். என் உழைப்பு, நேர்மை, குடும்பம் என்று ஒரே புலம்பல். தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவர் படித்துவிட்டு, "இதுல எந்தக் குற்றத்துக்குப் பதில் சொல்லியிருக்கே?" என்றார். எனக்கே தெரியவில்லை. நான்கு பக்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு வரி எழுதச் சொன்னார்: விவரம் தந்தால்தான் விளக்கம் தர முடியும், புகாரின் நகலும் ஆதாரங்களின் நகலும் வேண்டும்.

குற்ற வழக்குகளுக்கு இதையெல்லாம் எழுதியே வைத்திருக்கிறார்கள். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவைப் பாருங்கள். சாட்டிய குற்றத்தைப் புரியும் மொழியில் விவரமாகச் சொல்ல வேண்டும், தயாராக நேரம் தர வேண்டும், எதிர்ச் சாட்சியைக் கேள்வி கேட்க விட வேண்டும், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆபீஸ் விசாரணை கோர்ட் இல்லை. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் பொதுவாகப் பார்ப்பார்கள். ஆனாலும் மறுதரப்பைக் கேட்க வேண்டும், தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆகக் கூடாது என்ற இரண்டு இயற்கை நீதிகள் அங்கேயும் உண்டு. மெமோவில் கையெழுத்துப் போட்டவரே விசாரணை அதிகாரி என்றார்கள். இரண்டாவதைச் சொல்லி ஆட்சேபித்தேன், மாற்றினார்கள்.

புகார் நகல் வந்தது. கொடுத்தவர் பக்கத்து மேஜைக்காரர். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

விசாரணையில் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கத்தக் கூடாது என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நான் திருத்தியதைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"திரையில் என்ன இருந்தது?"

"அது தெரியலை. நீங்க உட்கார்ந்திருந்தீங்க."

"முகம் தெரிந்ததா?"

"முதுகுதான். உங்க சட்டை மாதிரி இருந்தது."

"புகாரை நீங்களேதான் எழுதினீர்களா?"

கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். என் இடத்தில் யாரோ இருந்த மாதிரி தெரிந்தது என்றுதான் மேலதிகாரியிடம் சொன்னாராம். "தெளிவா எழுது" என்றதும் அது "பார்த்தேன்" ஆகிவிட்டது.

கோவலனை விசாரிக்கவில்லை என்று காலம்காலமாகச் சொல்கிறோம். பொற்கொல்லனை அரசன் நாலு கேள்வி கேட்டிருந்தாலும் போதும், அதை யாரும் சொல்வதில்லை. இங்கே புகார்தாரர் பொய்யர்கூட இல்லை. கேள்வி கேட்ட பிறகுதான், தான் கண்டது எது, யூகித்தது எது என்று அவருக்கே பிரிந்தது.

கோப்பு திருத்தப்பட்டது மாலை 6.40-க்கு. வாசல் பதிவேட்டில் நான் வெளியேறியது 5.50. அப்படியானால் உங்கள் பாஸ்வேர்டு இன்னொருவருக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார். குற்ற வழக்கு என்றால் எனக்கு எதிராக நானே பேச வேண்டியதில்லைதான். இங்கே சொல்லிவிட்டேன்: சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தேன்.

குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. சீட்டுக்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம். திருத்தியது யார் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

திரும்ப வேலைக்குப் போன அன்று பக்கத்து மேஜைக்காரர் எழுந்து நின்றார். "நான் பொய் சொல்லணும்னு..."

"தெரியும், உட்காருங்க" என்றேன்.